புதிர் போடலாம் வாங்க: ஆத்தங்குடிக் கல்லும் ஒன்பது கோயிலும்

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, தூக்கம் வராத பிள்ளைகள் பட்டாலையில் கூடுவார்கள். பெரியவர் யாராவது ஒரு விடுகதை போடுவார். "பச்சைப் பெட்டிக்குள்ளே வெள்ளை முத்து. அது என்ன?" வெண்டைக்காய் என்று ஒரு குரல் வரும். மொச்சைக்காய் என்று இன்னொரு குரல். யோசித்துப் பார்த்தால் மொச்சையும் பொருந்தத்தான் செய்கிறது. தோல் பச்சை, உள்ளே முத்து. ஆனாலும் போட்டவர் "இல்லை, வெண்டைக்காய்தான்" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. விடுகதைக்கு நீதிபதி, அதைப் போட்டவரே.

தர்க்கப் புதிர் இந்த இடத்தில்தான் பிரிகிறது. அதில் போட்டவருக்குத் தனி அதிகாரம் கிடையாது. நிபந்தனைகளைச் சொல்லி முடித்ததுமே அவரும் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். விடை கண்டவர் "சரியா?" என்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, தானே சரிபார்த்துக்கொள்ளலாம். போட்டவர் சொல்வது தப்பு என்று பத்து வயதுப் பிள்ளை காட்டிவிட்டால், பிள்ளை சொல்வதே சரி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எது நல்ல புதிர், அதை நண்பர்களிடம் எப்படிப் போடுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதெல்லாம் இதன் பின்னாலேயே வந்துவிடும். விடுகதையை மட்டம் தட்டுவதாக எண்ண வேண்டாம். அதன் ருசி உவமையில் இருக்கிறது. இதன் ருசி வேறு.

எல்லோரும் கேட்டிருக்கும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஒருவனிடம் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். பரிசலில் அவனோடு ஒன்றைத்தான் ஏற்ற முடியும். அவன் இல்லாத கரையில் புலியும் ஆடும் சேர்ந்திருந்தால் ஆடு போச்சு. ஆடும் புல்லும் சேர்ந்திருந்தால் புல் போச்சு. (செட்டிநாட்டில் பரிசல் ஓடுகிற ஆற்றுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். நல்ல மழை பெய்த வருடத்து ஊரணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஐரோப்பாவில் இதையே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று சொல்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அல்குயின் பெயரில் வழங்கும் ஒரு பழைய தொகுப்பிலேயே அது இருக்கிறது.

முதலில் ஆட்டை அக்கரை சேர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். வெறுங்கையோடு திரும்பி, புலியை ஏற்றிப் போவார்கள். அங்கேதான் சிக்கல். புலியை இறக்கினால் ஆடு மாட்டிக்கொள்ளும். புலிக்குப் பதில் புல்லைக் கொண்டுபோனாலும் அதே கதைதான். இந்த இடத்தில் பலர் "முடியாது" என்று கையை விரித்துவிடுவார்கள். புலியை இறக்கிவிட்டு ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவந்தால் வழி திறந்துவிடும்: ஆட்டை இங்கே விட்டு, புல்லை அங்கே சேர்த்து, கடைசியாக மறுபடி ஆடு. மொத்தம் ஏழு தடவை கடக்க வேண்டும். அக்கரை போனது திரும்பி வரக் கூடாது என்று புதிரில் யாரும் சொல்லவில்லை. அது நாமாகப் போட்டுக்கொண்ட கைவிலங்கு. சொன்ன நிபந்தனை எது, நம் மனம் தானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் புதிர் அவிழ்ப்பதில் முதல் பயிற்சி.

இதில் போட்டவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "புலியை மரத்தில் கட்டிப்போட்டால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்போது "அதெல்லாம் கூடாது" என்று சொன்னால், நாம் மறுபடி விடுகதை போட்டவரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். அதனால் தொடங்கும்போதே "இதில் குறுக்குவழி கிடையாது, கயிறு கிடையாது, நான் சொன்னது மட்டும்தான்" என்று சொல்லிவிடுவது நல்லது.

இனி எனக்கு மிகவும் பிடித்த புதிர். இதற்குத் தரை வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கையாலேயே செய்யும் தரைக்கற்கள் ஊரறிந்தவை. சூளையில் சுடுவது கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். அந்தக் கற்கள் சதுரமானவை. நம் புதிருக்காக மட்டும், இரண்டு சதுரம் சேர்ந்த நீளத்தில் ஒரு இரட்டைக்கல் செய்து தரச் சொன்னதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு முற்றம். நீளத்தில் எட்டுச் சதுரம், அகலத்தில் எட்டுச் சதுரம், ஆக 64. மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள இரண்டு சதுரங்களில் பர்மா தேக்குத் தூண் நிற்கிறது. மிச்சம் 62 சதுரம். ஒவ்வொரு இரட்டைக்கல்லும் இரண்டு சதுரத்தை மூடும். 31 கற்கள் வாங்கி வந்தாயிற்று. கல்லை உடைக்காமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், தரையை முழுதாக மூட முடியுமா?

கணக்கு சரியாக இருக்கிறது. 31 பெருக்கல் 2 என்பது 62. அதனால் முடியும் என்றுதான் முதலில் தோன்றும். தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் குறைந்தது இரண்டு சதுரம் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். நண்பர்கள் இருவரிடம் இதைக் கொடுத்தால் பேச்சு இப்படிப் போகும்:

"மாப்ள, முடியாதுடா."

"ஏன் முடியாது?"

"அரை மணி நேரமா போட்டுப் பாக்குறேன். வரல."

"உனக்கு வரலைங்கிறது வேற, முடியாதுங்கிறது வேற. இன்னொரு மாதிரி போட்டா வந்துட்டா?"

இரண்டாவது நண்பரின் கேள்விதான் தர்க்கப் புதிரின் உயிர். தூண்களே இல்லாத முழு எட்டுக்கு எட்டுத் தரையை இரட்டைக்கற்களால் மூட 1,29,88,816 வழிகள் இருக்கின்றன. இவ்வளவு வழி உள்ள இடத்தில், பத்துத் தடவை போட்டுப் பார்த்து வரவில்லை என்பது எதற்கும் சாட்சி ஆகாது. எப்படிப் போட்டாலும் வராது என்று காட்ட வேண்டுமானால், போட்டுப் பார்க்காமலேயே காட்ட வேண்டும்.

வழி இதுதான். தரைக்குச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி வண்ணம் பூசுங்கள். இப்போது ஒரு இரட்டைக்கல்லை எங்கே வைத்தாலும், நெட்டாக வைத்தாலும் குறுக்காக வைத்தாலும், அது ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். வேறு வழியே இல்லை. அப்படியானால் 31 கற்கள் 31 கறுப்பையும் 31 வெள்ளையையும் மூடும். தூண் நிற்கும் மூலைகளைப் பாருங்கள்: எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம். இரண்டும் கறுப்பு என்றால் மிச்சம் இருப்பது 30 கறுப்பு, 32 வெள்ளை. 31-க்கு 31 எங்கே, 30-க்கு 32 எங்கே? முடியாது. உலகில் எந்தக் கொத்தனாராலும் முடியாது.

இந்தப் புதிரை மேக்ஸ் பிளாக் என்ற தத்துவப் பேராசிரியர் 1946-ல் எழுதினார். புதிரில் நிறமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். நிறம் நாம் பூசியது. ஆனால் புலி-ஆடு புதிரில் நாம் சேர்த்துக்கொண்ட கைவிலங்கு நம்மைக் கட்டிப்போட்டது. இங்கே நாம் சேர்த்த நிறம் வழி காட்டுகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், கைவிலங்கு நாம் செய்யக் கூடியதைக் குறைத்தது. நிறம் எதையும் குறைக்கவில்லை, இருப்பதை எண்ணுவதற்கு மட்டும் உதவியது.

இதையே திருப்பிக் கேட்கலாம். தூண்கள் எதிரெதிர் மூலையில் இல்லாமல், ஒன்று கறுப்பிலும் ஒன்று வெள்ளையிலும் நின்றால்? அப்போது எந்தக் கறுப்பு, எந்த வெள்ளை என்றாலும் தரையை மூடிவிடலாம். ரால்ஃப் கோமரி என்ற கணித அறிஞர் இதற்குக் காட்டிய வழி அழகானது. 64 சதுரங்களையும் தலா ஒரு தடவை மட்டும் தொட்டு, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும் ஒரே கோடு வரையுங்கள், சிக்குக்கோலம் போல. கோட்டின் வழியே போனால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறி வரும். ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்துவிட்டால் கோடு இரண்டு துண்டாகும் (இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சதுரம் என்றால் ஒரே துண்டு). ஒவ்வொரு துண்டிலும் இரட்டைப்படைச் சதுரங்கள்தான் இருக்கும். அந்தத் துண்டின் ஒரு முனையிலிருந்து கல்லை அடுக்கிக்கொண்டே போனால் மிச்சமில்லாமல் முடியும். படிக்கும்போது தலை சுற்றினால் நான்குக்கு நான்கு கட்டத்தில் கோடு போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சின்னது, ஆனால் செட்டிநாட்டில் போடுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) நகரக் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு நகரத்தாரும் இவற்றில் ஒரு கோயிலைச் சேர்ந்தவர். கல்யாணப் பந்தியில் பத்து நகரத்தார் வந்து உட்காருகிறார்கள். யார் எந்த ஊர், எந்தக் கோயில் என்று எதுவுமே தெரியாது. ஆனாலும் அவர்களில் குறைந்தது இரண்டு பேர் ஒரே கோயில் என்று பரிமாறுகிறவர் அடித்துச் சொல்லலாம். ஒன்பது பேரும் ஒன்பது கோயிலாக அமைந்துவிட்டாலும், பத்தாவது ஆள் ஏற்கெனவே ஆள் இருக்கிற ஒரு கோயிலுக்குத்தான் போயாக வேண்டும்.

எந்த இருவர் என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியும். ஆளைக் காட்டாமலே ஆள் உண்டு என்று உறுதி சொல்லும் இந்த வகை வாதத்தை ஜெர்மானியக் கணிதர் டிரிக்லே 1834-ல் பயன்படுத்தினார். அவர் பெயராலேயே வழங்குகிறது. அறைகளைவிடப் பொருள்கள் அதிகம் என்றால் ஏதாவது ஓர் அறையில் இரண்டு பொருள் இருந்தே தீரும், அவ்வளவுதான். குறைந்தது மூன்று பேர் ஒரே கோயில் என்று உறுதியாகச் சொல்ல எத்தனை பேர் வேண்டும்? ஒவ்வொரு கோயிலிலும் இரண்டு பேர் வரை நிறுத்திவிடலாம், அது 18. அதற்கு மேல் ஒருவர் வந்தால் போதும், 19.

இதே வாதத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஆச்சரியமான ஒன்று கிடைக்கும். மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. எவ்வளவு அடர்த்தியான தலையிலும் பத்து லட்சம் இருக்காது. சிவகங்கை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆகவே ஒரு முடி கூடாமல் குறையாமல் சரியாக அதே எண்ணிக்கை முடியுள்ள இருவர் இந்த மாவட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒருவர் "ரெண்டு வழுக்கைத் தலையைக் கூட்டி வந்து காட்டிட்டாப் போச்சு" என்பார். அவர் சொல்வது முழுக்கச் சரி. அவரை விரட்டக் கூடாது. புதிரின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அவர். அடுத்த முறை "தலையில் முடி உள்ளவர்களில்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வழுக்கைத் தலையர்களை விட்டுவிட்டாலும் பத்து லட்சத்துக்கு மேல் ஆள் மிஞ்சுவார்கள், வாதம் நிற்கும்.

இப்போது தராசு. கல்யாண வீட்டில் சீர்ச் சாமான் பரப்பிய இடத்தில் ஒன்பது வெள்ளிக் குங்குமச் சிமிழ்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஒன்று மட்டும் எடை குறைவு. இரண்டு தட்டுத் தராசு இருக்கிறது, படிக்கல் கிடையாது. இரண்டே தடவை நிறுத்து, குறைந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்குக்கு நான்கு வைக்கத்தான் கை போகும். தட்டு சாய்ந்துவிட்டால் சந்தேகம் நான்கு சிமிழ் மேல் நிற்கும். மிச்சம் ஒரே தடவைதான் இருக்கிறது, போதாது. மூன்றுக்கு மூன்று வைத்து மூன்றை வெளியே விடுங்கள். இடது தட்டு மேலே போனால் எடை குறைந்த சிமிழ் இடது மூன்றில். வலது போனால் வலது மூன்றில். சமமாக நின்றால் வெளியே உள்ள மூன்றில். எப்படியானாலும் மூன்றுதான் மிச்சம். அந்த மூன்றில் ஒன்றுக்கு ஒன்று வைத்தால் அதே மாதிரி விடை வந்துவிடும்.

விடையைவிட இதன் அடியில் இருக்கும் எண்ணம் பெரிது. தராசு பேசக் கூடியது மூன்றே வார்த்தை: இடது, வலது, சமம். இரண்டு தடவை நிறுத்தால் அது சொல்லக் கூடிய பதில்கள் மூன்று பெருக்கல் மூன்று, ஒன்பது. சந்தேகத்துக்குரிய சிமிழும் ஒன்பது. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சிமிழ் என்று சரியாகப் பொருந்திவிட்டது. பத்துச் சிமிழ் இருந்தால் இரண்டு தடவையில் முடியாது என்பதை ஒரு சிமிழைக்கூடத் தராசில் வைக்காமல் சொல்லிவிடலாம். மேலே பார்த்த பத்து நகரத்தார் வாதம்தான் இங்கே வேறு உடுப்பில் வந்திருக்கிறது: ஒன்பது பதில், பத்துச் சிமிழ், எங்காவது இரண்டு சிமிழ் ஒரே பதிலில் மாட்டும்.

கொஞ்சம் கடினமான வடிவம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவியது. பன்னிரண்டு சிமிழ். ஒன்று மட்டும் எடை வேறு. கூடவா, குறைவா தெரியாது. மூன்று தடவையில் எது என்றும், கூடவா குறைவா என்றும் சொல்ல வேண்டும். விஞ்ஞானிகளின் நேரத்தை இது தின்ற தின்னுக்கு, எதிரி நாட்டில் இதைப் போட்டுவிட்டு வந்தால் என்ன என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம். பன்னிரண்டில் எதுவானாலும் கூடவோ குறைவோ இருக்கலாம், ஆகச் சாத்தியங்கள் 24. மூன்று தடவையில் தராசு சொல்லக் கூடியது 27. நான்குக்கு நான்கு வைத்து நான்கை வெளியே விட்டால், சமமானாலும் சாய்ந்தாலும் எட்டுச் சாத்தியம் மிச்சம். அடுத்த இரண்டு தடவைக்கு ஒன்பது பதில் இருக்கிறது. மேற்கொண்டு நீங்களே போகலாம்.

பதின்மூன்று சிமிழ் என்றால்? சாத்தியங்கள் 26, பதில்கள் 27. இடம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் முடியாது. முதல் தடவை நான்குக்கு நான்கு வைத்தால் வெளியே ஐந்து. சமமாக நின்றுவிட்டால் பத்துச் சாத்தியம் மிச்சம், கையில் ஒன்பது பதில். ஐந்துக்கு ஐந்து வைத்தால், சாய்ந்ததும் பத்துச் சாத்தியம், அதே நெருக்கடி. எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் பத்தோ அதற்கு மேலோ வந்து நிற்கும். இன்னொரு வேடிக்கை: "கூடவா குறைவா சொல்ல வேண்டாம், எது என்று மட்டும் சொன்னால் போதும்" என்று நிபந்தனையைத் தளர்த்தினால் பதின்மூன்றும் மூன்று தடவையில் முடிந்துவிடும். ஒரு சொற்றொடரை விட்டுவிட்டுப் புதிர் போட்டால், முடியாத புதிர் முடிகிற புதிராக மாறிவிடுகிறது. வாய்மொழியாகக் கேட்டதைத் திருப்பிப் போடும்போது எண்ணையும் நிபந்தனையையும் ஒரு தடவை தாளில் சரிபார்த்துக்கொள்வது இதனால்தான்.

இதுவரை பார்த்தவை ஒருவர் தனியாக உட்கார்ந்து அவிழ்க்கக் கூடியவை. இன்னொரு வகையில், மற்றவருக்கு என்ன தெரியும் என்பதே புதிருக்குள் ஒரு பொருளாக வரும். அதைத் திண்ணையிலேயே ஆடிப் பார்க்கலாம்.

மூன்று பையன்கள் மத்தியானம் திண்ணையில் படுத்துத் தூங்குகிறார்கள். யாரோ வந்து மூன்று பேர் நெற்றியிலும் கரியைத் தடவிவிட்டுப் போய்விடுகிறார்கள். எழுந்ததும் ஒவ்வொருவரும் மற்ற இருவரைப் பார்க்கிறார்கள். தன் நெற்றி தனக்குத் தெரியாது. பேசக் கூடாது, கண்ணாடி கிடையாது, மூவரும் நன்றாக யோசிக்கக் கூடியவர்கள், பொய் சொல்லாதவர்கள், மற்ற இருவரும் அப்படித்தான் என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்பத்தா வந்து, "உங்க மூணு பேர்ல ஒருத்தன் நெத்தியிலயாச்சும் கரி இருக்குடா. தன் நெத்தியில கரி இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சவன் கையைத் தூக்கு" என்கிறார். யாரும் தூக்கவில்லை. மறுபடி கேட்கிறார். யாரும் தூக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டதும் மூவரும் ஒன்றாகக் கையைத் தூக்குகிறார்கள். எப்படி?

சின்னதாக்கிப் பாருங்கள். ஒருவன் நெற்றியில் மட்டும் கரி இருந்திருந்தால், அவனுக்கு மற்ற இரண்டு நெற்றியும் சுத்தமாகத் தெரியும், அப்பத்தா ஒன்று உண்டு என்கிறார், அப்படியானால் தன்னுடையதுதான். முதல் தடவையே தூக்கியிருப்பான். இரண்டு பேருக்கு இருந்திருந்தால், அந்த இருவரும் ஒவ்வொரு கரியைத்தான் பார்ப்பார்கள். முதல் தடவை யாரும் தூக்காததைப் பார்த்து, "அவன் தூக்கவில்லை, ஆகவே அவன் வேறொரு கரியைப் பார்க்கிறான், அது என்னுடையது" என்று இரண்டாம் தடவை தூக்கியிருப்பார்கள். இரண்டாம் தடவையும் யாரும் தூக்கவில்லை. ஆக மூன்று பேருக்கும் இருக்கிறது.

பலர் இத்தோடு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு முள் உறுத்தும். ஒருத்தன் நெற்றியிலாவது கரி இருக்கிறது என்று அப்பத்தா சொன்னார். அது மூவருக்கும் முன்பே தெரியும். ஒவ்வொருவனும் இரண்டு கரி நெற்றியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தெரிந்ததையே சொன்னதற்கு எப்படி இவ்வளவு பலன்? அவர் சொல்லாமல் வெறுமனே "கையைத் தூக்கு" என்று நூறு தடவை கேட்டிருந்தாலும் யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

முதல் பையனின் மனத்துக்குள் போய்ப் பாருங்கள். "என் நெற்றி ஒருவேளை சுத்தமோ? அப்படியானால் இரண்டாமவன் பார்ப்பது மூன்றாமவனின் கரி ஒன்றைத்தான். அவனும் தன் நெற்றி சுத்தமோ என்று எண்ணலாம். அப்படி எண்ணினால், மூன்றாமவன் கண்ணுக்குக் கரியே தெரியவில்லை என்றும் எண்ண இடமிருக்கிறது." கரி இருப்பது மூவருக்கும் தெரியும், மற்ற இருவருக்கும் தெரியும் என்பதுகூட ஒவ்வொருவனுக்கும் தெரியும், ஆனால் இரண்டாமவனுக்கு, மூன்றாமவனுக்குத் தெரியும் என்று தெரியுமா என்பது முதலாமவனுக்குத் தெரியாது. எல்லோர் முன்னாலும் அப்பத்தா உரக்கச் சொன்னதும் அந்தச் சந்தேகம் அடியோடு போய்விட்டது. ஆளாளுக்குத் தனித்தனியாகக் காதில் சொல்லியிருந்தால் இது நடக்காது. பொருளியல் நோபல் பரிசை 2005-ல் பெற்ற ராபர்ட் ஆமன், இந்த "எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்" என்ற நிலையை வைத்து 1976-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதியிருக்கிறார். ஊரில் எல்லோரும் அரசல்புரசலாக அறிந்த ஒன்றை ஒருவர் பொது இடத்தில் வாய்விட்டுச் சொன்னதும் ஏன் நிலைமையே மாறிவிடுகிறது என்பதற்கும் காரணம் இதுதான்.

வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் புதிர் ஆகாது. செருப்பு, அன்னாசி, பொம்மைப் படம் போட்டு, கடைசி வரியில் ஒரு செருப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் குறைத்துவைப்பது கண்ணைச் சோதிப்பது மட்டுமே. 8 ÷ 2(2+2) எவ்வளவு என்று கேட்டு இரண்டு நாள் சண்டை மூட்டுகிறார்களே, அதில் சண்டை எழுதும் முறையைப் பற்றியது. அடைப்புக்குறியை இன்னொரு ஜோடி போட்டு எழுதினால் சண்டையே கிடையாது. "மேதைகளுக்கு மட்டும்" என்று தலைப்பிட்டு வந்தால் நான் திறப்பதே இல்லை.

நண்பர் குழுவில் புதிர் போடும்போது வருகிற பெரிய தொல்லை, ஏற்கெனவே விடை தெரிந்தவர். முதல் நிமிடத்திலேயே விடையை எழுதிவிடுவார். "விடையைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்" என்று புதிரோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். விடை வந்தால் "சரி" என்று மட்டும் சொல்லாமல், "ஏன்?" என்று கேளுங்கள். தரைப் புதிருக்கு "முடியாது" என்பது விடையில் பாதிகூட இல்லை என்பதை முன்பே பார்த்தோம். மாட்டிக்கொண்டவருக்குத் துப்பு கொடுப்பதென்றால், சின்னதாக்கச் சொல்வது எப்போதும் நல்ல துப்பு: ஒன்பது சிமிழுக்குப் பதில் மூன்று, எட்டுக்கு எட்டுத் தரைக்குப் பதில் நான்குக்கு நான்கு, மூன்று நெற்றிக்குப் பதில் இரண்டு. விடையின் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்பதைவிட இது மேல். துண்டு கிடைத்தவர் மிச்சத்தை ஊகிப்பார். சின்னது கிடைத்தவர் தானே கட்டி எழுப்புவார்.

நண்பர்கள் புதிர் பகிர்ந்துகொண்டதில் எனக்குத் தெரிந்து மிக அழகான நிகழ்ச்சி 1914-ல் கேம்பிரிட்ஜில் நடந்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், ராமானுஜனின் அறைக்குப் போயிருந்தார். ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஸ்ட்ராண்ட் என்ற பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார். நம் ஊருக்கு மாற்றிச் சொன்னால் இப்படி: கானாடுகாத்தானில் ஒரு நீண்ட தெரு, ஒரே வரிசையில் 1, 2, 3 என்று வீட்டு எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50 வீடுகளுக்கு மேல், 500-க்குக் கீழ். அந்த வீட்டின் எண் என்ன?

மகலனோபிஸ் எண்களைப் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுவிட்டுத்தான் கேட்டார்: 288 வீடுகள், எண் 204. ராமானுஜனோ காயைக் கிளறியபடியே ஒரு தொடர்பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது) சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் 50, 500 என்ற எல்லைகளே இல்லாமல், இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் எல்லாத் தெருக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

சின்னதாக்கிப் பாருங்கள். எட்டு வீடுள்ள தெருவில் ஆறாம் எண் வீடு: இடப்பக்கம் 1, 2, 3, 4, 5 கூட்டினால் 15, வலப்பக்கம் 7, 8 கூட்டினால் 15. அதற்கு அடுத்த தெருவில் 49 வீடுகள். அதில் எந்த வீடு என்று இங்கே எழுதவில்லை. கண்டுபிடித்தால் இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். சரியா என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.